இருநூற்று நாற்பதாவது நாள்

டிசம்பர் 31 மாலை. ஒரு தொழிற்சாலையின் வருகைப் பதிவேட்டில் அடுத்தடுத்த வரிகளில் இரண்டு பெயர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இருவருக்கும் ஒரே எந்திரம், ஒரே ஷிப்ட், ஒரே கூலி. முதலாமவர் அந்த ஆண்டில் 240 நாள் வேலை செய்திருக்கிறார். இரண்டாமவர் 239 நாள். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 79-ஆம் பிரிவின்படி முதலாமவருக்கு அடுத்த ஆண்டு 12 நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. இரண்டாமவருக்கு ஒரு நாள்கூடக் கிடையாது. நடுவில் எங்கோ ஒரு நாள் பேருந்தைத் தவறவிட்டதற்கோ, பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனதற்கோ அவர் கொடுத்த விலை பன்னிரண்டு நாள் கூலி.

20 நாள் உழைத்தால் 1 நாள் லீவு, ஆனால் 240 நாளைத் தொட்டால்தான் கணக்கே தொடங்கும். 1954-இல் சட்டத்தின் விடுப்பு அத்தியாயம் புதிதாக எழுதப்பட்டதிலிருந்து 2025 நவம்பர் வரை, இந்தியாவின் ஆலைத் தொழிலாளி இந்த ஏற்பாட்டுக்குள்தான் வாழ்ந்தார். ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், கோவை, திருப்பூர் என்று எங்கே போய்க் கேட்டாலும் ‘இ.எல்.’ (ஈட்டிய விடுப்பு) என்றால் இதுதான். விடுப்பை முதலாளி காட்டும் சலுகையாகப் பார்க்கும் பழக்கம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. ‘லீவு கொடுத்தாரு’ என்றுதான் பேச்சு. சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. இருபது நாள் வேலைக்கான கூலியில் ஒரு சிறு பங்கு பணமாக வராமல் நாளாகச் சேர்கிறது. பின்னால் கொடுக்கப்படும் கூலி அது. அப்படியானால் அதை எப்போது எடுப்பது என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்ற கேள்வி வருகிறது. இந்திய விடுப்புச் சட்டங்களின் பலமும் ஓட்டையும் அந்தக் கேள்வியில்தான் இருக்கின்றன.

அந்தப் பழைய சட்டத்தின் கணக்கை இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். வாரத்துக்கு ஆறு நாள் வேலை. ஆண்டின் 365 நாளில் ஞாயிறு 52 போகும். தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய, பண்டிகை விடுமுறை) சட்டம், 1958 தரும் விடுமுறை 9 நாள்: குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி, அவற்றோடு ஐந்து பண்டிகை நாள்கள். மீதி 304. ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தவருக்கு 304-ஐ 20-ஆல் வகுத்தால் 15.2. அரை நாளுக்குக் குறைந்த பின்னத்தைத் தள்ளிவிடச் சொல்கிறது சட்டம்; ஆக 15 நாள். ஆலைத் தொழிலாளிக்குச் சட்டம் தரும் உச்சவரம்பு நடைமுறையில் இதுதான்.

அடுத்த ஆண்டில் அந்த 15 நாளையும் எடுத்தால் என்ன ஆகும்? எடுத்த விடுப்பு நாள்கள் 240-ஐ எட்டுவதற்கு வேலை நாளாகக் கணக்கில் சேரும், ஆனால் புதிய விடுப்பை ஈட்டித் தராது. வேலை செய்த நாள் 289 ஆகிறது. இருபதால் வகுத்தால் 14.45, அதாவது 14 நாள். அதற்கடுத்த ஆண்டு 14 நாள் மட்டும் எடுத்தால் வேலை நாள் 290, வகுத்தால் 14.5. அரை நாளும் அதற்கு மேலும் முழு நாளாகும் என்பதால் மறுபடி 15. லீவு எடுத்ததற்காக ஒரு நாள் குறைந்து, குறைத்து எடுத்ததற்காக ஒரு நாள் திரும்பி வரும் இந்த ஊசலாட்டத்தைச் சட்டம் எழுதியவர்கள் யோசித்துத்தான் வைத்தார்களா என்று தெரியவில்லை. ஆலைகளின் டைம் ஆபீஸ் எழுத்தர்களுக்கு இது மனப்பாடம்.

வேலை தர முடியாமல் நிர்வாகம் நிறுத்தி வைக்கும் லே-ஆஃப் நாள்களும், பெண்களின் மகப்பேறு விடுப்பில் 12 வாரம் வரையிலான நாள்களும் அதே வகைதான்: 240-க்கு உதவும், விடுப்பைக் கூட்டாது. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து, ஆண்டுக்கொரு முறை ஊருக்குப் போய் இரண்டு மாதம் கழித்துத் திரும்பும் தொழிலாளிக்கு எந்த உதவியும் இல்லை. 304-இலிருந்து 64 நாள் வரைதான் விட்டுக்கொடுக்கலாம். அறுவடைக்கும் ஒரு கல்யாணத்துக்கும் போய் வந்தால் அந்த 64 கரைந்துவிடும். நீண்ட தூரம் போக வேண்டியவருக்குத்தான் நீண்ட விடுப்பு தேவை. நீண்ட விடுப்புக்குத் தகுதி இல்லாமல் போவதும் அவர்தான்.

ஓய்வுக்கான போராட்டம் இந்தியாவில் முதலில் வார விடுமுறைக்காகவே நடந்தது. பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்கு 1890 ஜூன் 10-இல் ஞாயிறு விடுமுறை கிடைத்ததற்குப் பின்னால் நாராயண் மேகாஜி லோகண்டே நடத்திய நீண்ட இயக்கம் இருந்தது. தமிழ்நாட்டில் அந்தக் கோரிக்கையை உரக்க எழுப்பியது தூத்துக்குடி. 1908 பிப்ரவரி 27 அன்று கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் மேடையேறினார்கள். கூலி உயர்வோடு வார விடுமுறையும் கோரிக்கைப் பட்டியலில் இருந்தது. சில நாளிலேயே நிர்வாகம் இறங்கி வந்து கூலியைக் கூட்டியது, வேலை நேரத்தைக் குறைத்தது, ஞாயிறு விடுமுறைக்கும் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு மார்ச்சில் வ.உ.சி. கைதானார். சுதேசிக் கப்பலின் புகழ் நிழலில் இந்த மில் போராட்டம் மறைந்துபோனது தமிழக வரலாற்று எழுத்தின் குறைகளில் ஒன்று. பாடப்புத்தகம் கப்பலுக்குக் கொடுத்த இடத்தில் பத்தில் ஒரு பங்காவது ஞாயிற்றுக்கிழமைக்குக் கொடுத்திருக்கலாம்.

வேலை செய்யாத நாளுக்கும் சம்பளம் என்ற எண்ணம் அதற்குப் பிறகு வந்தது. உலக அளவில் 1936 ஜூன் மாதம் ஒரு திருப்பம். பிரான்ஸில் ஆலைகளைத் தொழிலாளர்கள் உள்ளிருந்தே கைப்பற்றி நடத்திய பெரும் வேலைநிறுத்தங்களின் நடுவே, லியோன் ப்ளூமின் மக்கள் முன்னணி அரசு எல்லாத் தொழிலாளருக்கும் ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பள விடுப்பு என்று ஜூன் 20-இல் சட்டம் போட்டது. அந்தக் கோடையிலேயே சலுகைக் கட்டண ரயில் டிக்கெட்டும் வந்தது. கடலைப் பார்த்திராத பல தொழிலாளிக் குடும்பங்கள் முதன்முறையாகக் கடற்கரைக்குப் போயின. அதே மாதம் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தன் 52-ஆவது உடன்படிக்கையை நிறைவேற்றியது. ஓராண்டு வேலைக்கு ஆறு வேலை நாள் விடுப்பு. சின்ன எண்தான். ஆனால் அதில் ஒரு கூர்மையான விதி இருந்தது: விடுப்பை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி ஒப்பந்தம் போட்டாலும் அந்த ஒப்பந்தம் செல்லாது. கையில் பணம் வைத்து லீவை வாங்கிவிடுவார்கள் என்பதை 1936-லேயே கணித்துவிட்டார்கள்.

இந்தியாவில் 1945-ஆம் ஆண்டுத் திருத்தம் ஆலைத் தொழிலாளிக்கு ஓராண்டுப் பணிக்குப் பின் 10 நாள் சம்பள விடுப்பைக் கொண்டுவந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1948 சட்டம் 20-க்கு 1 என்ற விகிதத்தை வைத்தது. தேயிலைத் தோட்டங்களுக்கு 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டமும் அதே விகிதத்தைக் கொடுத்தது. நீலகிரியிலும் வால்பாறையிலும் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கும், அம்பத்தூரில் லேத் ஓட்டுபவருக்கும் காகிதத்தில் ஒரே கணக்கு.

ஆனால் இந்தக் கணக்கு தொழிற்சாலை வாசலோடு முடிந்துவிடும். சாலையைக் கடந்தால் வேறு சட்டம், வேறு கணக்கு.

ஆலைக்கு எதிரே இருக்கும் கடையில் வேலை செய்பவருக்குத் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம், 1947 பொருந்தும். ஓராண்டு முடிந்ததும் 12 நாள் சம்பள விடுப்பு. அதோடு நோய்க்கு 12 நாள், தற்செயல் விடுப்பு 12 நாள். நோய், தற்செயல் இரண்டுக்கும் ஓராண்டு முடியக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. மொத்தம் 36. ஆலைத் தொழிலாளியின் 15-ஐவிட இரண்டு மடங்குக்கும் மேல். கேட்கவே இனிக்கிறது. துணிக்கடையில் பில் போடும் பெண்ணிடம் போய் ‘உங்களுக்கு ஆண்டுக்கு 36 நாள் லீவு உண்டு’ என்று சொன்னால் சிரிப்பார். விற்பனையாளர்கள் பணி நேரத்தில் உட்கார இருக்கை தர வேண்டும் என்பதற்கே 2021-இல் இந்தச் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. உட்காரக்கூட இடமில்லாத தளத்தில் நோய் விடுப்பு எப்படி நடைமுறையில் இருக்கும்? சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் ஐ.டி. நிறுவனங்களுக்கும் இதே சட்டம்தான் அடிப்படை. அங்கே ஹெச்.ஆர். மென்பொருளில் 36-க்கு அருகிலான எண்ணும், சில இடங்களில் அதைவிடக் கூடுதலும் பளிச்சென்று தெரியும். சட்டம் ஒன்று, பேரம் பேசும் வலு வேறு.

ஆலைத் தொழிலாளிக்குத் தொழிற்சாலைகள் சட்டத்தில் சி.எல். (தற்செயல் விடுப்பு) இல்லை, நோய் விடுப்பும் இல்லை. நோய்க்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருக்கிறதே என்பது பதில். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் தரும். ஆனால் முதல் இரண்டு நாள் பொதுவாகக் காத்திருப்புக் காலம். அதாவது ஒரு நாள், இரண்டு நாள் காய்ச்சலுக்கு இ.எஸ்.ஐ.யிலிருந்து ஒரு பைசா வராது. அந்த இரண்டு நாளையும் இ.எல்.லில் கழிக்கலாம், இல்லாவிட்டால் கூலியை விடலாம். ஆண்டுக்கு மூன்று காய்ச்சல் வந்தால் ஓய்வுக்காகச் சேர்த்த 15-இல் ஆறு போய்விடும். ஒப்பந்தம் பேசி சி.எல். வாங்கிய தொழிற்சங்கம் இருக்கும் ஆலைகள் தவிர மற்ற இடங்களில், ஆலைத் தொழிலாளியின் ‘ஈட்டிய விடுப்பு’ உண்மையில் காய்ச்சல் விடுப்புதான்.

வங்கி ஊழியருக்கு 11 நாள் பணிக்கு 1 நாள் சிறப்புரிமை விடுப்பு. மாநில அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு, 12 நாள் தற்செயல் விடுப்பு, அவை போக மருத்துவ விடுப்பு, மூன்று நாள் வரையறுக்கப்பட்ட விடுப்பு. எண்ணிக்கையைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. ஆலைத் தொழிலாளி இந்த ஆண்டு முழுக்க உழைத்தால் அடுத்த ஆண்டுதான் லீவு. அரசு ஊழியருக்கு ஜனவரி 1 அன்று 15 நாள், ஜூலை 1 அன்று 15 நாள் முன்கூட்டியே கணக்கில் ஏறிவிடும். வேலை பிறகு. ஒருவருக்கு நம்பிக்கையின் பேரில் வரவு, இன்னொருவருக்குப் பன்னிரண்டு மாதம் நிரூபித்த பிறகு வரவு. இருவரும் ஒரே நாட்டின் சட்டத்தின் கீழ்தான் இருக்கிறார்கள்.

விடுப்பு ஈட்டுவது இப்படி. எடுப்பது வேறு கதை.

அரசு அலுவலகங்களில் விடுப்புக்கு இன்னொரு பெயர் சேமிப்பு. மத்திய அரசு ஊழியர் 300 நாள் வரையிலும், தமிழ்நாடு அரசு ஊழியர் 240 நாள் வரையிலும் ஈட்டிய விடுப்பைச் சேர்த்து வைத்து ஓய்வுபெறும்போது பணமாக வாங்கலாம். கிட்டத்தட்டப் பத்து மாதச் சம்பளம், எட்டு மாதச் சம்பளம். இதன் உள்ளே ஒரு வட்டி ஒளிந்திருக்கிறது. மாதம் 10,000 ரூபாய் வாங்கிய காலத்தில் ஒருவர் எடுக்காமல் விட்ட ஒரு நாளின் மதிப்பு அன்றைக்கு 333 ரூபாய். அவர் 80,000 ரூபாய் சம்பளத்தில் ஓய்வுபெற்றால் அதே நாள் 2,666 ரூபாயாக எண்ணித் தரப்படும். எந்த வங்கி வைப்பைவிடவும் பாதுகாப்பான முதலீடு. இளம் வயதில் பிள்ளைகளோடு கழிக்க வேண்டிய நாள்கள் அறுபதாம் வயதில் மகள் கல்யாணச் செலவாக மாறுவது இப்படித்தான். யாரையும் குறைசொல்ல முடியாது. கணக்கு தெரிந்த எவரும் இதைத்தான் செய்வார்.

தமிழ்நாட்டில் ஓய்வுக்கு முன்பே பணமாக்கும் வழியும் உண்டு. ‘சரண்டர்’ என்றால் எந்த அலுவலக வராண்டாவிலும் புரியும். ஆண்டுக்கு 15 நாள் ஈட்டிய விடுப்பை அரசிடம் ஒப்படைத்து அந்தச் சம்பளத்தை வாங்குவது. 2020 ஏப்ரலில் கொரோனா நிதி நெருக்கடியில் அரசு இதை நிறுத்தி வைத்தது. அதைத் திரும்பப் பெறுவது அரசு ஊழியர் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் ஆண்டுதோறும் இடம்பிடித்தது. 2026 ஏப்ரலில் மீண்டும் வரும் என்று 2025-இன் நிதிநிலை அறிக்கை சொன்னது; பிறகு முதலமைச்சர் சட்டமன்றத்தில் அதை முன்னுக்கு இழுத்து 2025 அக்டோபர் 1 முதல் என்று அறிவித்தார். ஐந்தாண்டுக்கும் மேல் நடந்த இந்தப் போராட்டத்தில் யாரும் ‘எங்களுக்கு ஓய்வு கொடு’ என்று கேட்கவில்லை. ‘எங்கள் ஓய்வை வாங்கிக்கொள்’ என்றே கேட்டார்கள்.

வருமான வரியும் இந்தப் போக்குக்குத் துணை நிற்கிறது. அரசு ஊழியர் ஓய்வின்போது வாங்கும் விடுப்புப் பணத்துக்கு முழு வரிவிலக்கு. தனியார் ஊழியருக்கு 2002-இல் வைத்த 3 லட்சம் ரூபாய் வரம்பு இருபது ஆண்டுக்கும் மேல் அப்படியே கிடந்து, 2023 ஏப்ரல் முதல் 25 லட்சமானது. தனியார் ஊழியருக்கு நீதி செய்த மாற்றம்தான் அது. கூடவே, எடுக்காத லீவுக்குத் தரப்படும் பரிசும் பெரிதாகிவிட்டது.

தொழிற்சாலையிலோ கதை தலைகீழ். அங்கே பழைய சட்டப்படி 30 நாளுக்கு மேல் சேர்த்து வைக்க முடியாது, மீறியது கழிந்துபோகும். ‘லேப்ஸ்’. ஒரே விதிவிலக்கு: முறைப்படி விண்ணப்பித்து நிர்வாகம் மறுத்த விடுப்பு எந்த வரம்பும் இல்லாமல் அடுத்த ஆண்டுக்குப் போகும். 1948 சட்டத்திலேயே தொழிலாளிக்கு மிகவும் சாதகமான வாக்கியம் இதுதான். அதிகம் பயன்படாத வாக்கியமும் இதுதான்.

காரணம் எளிது. அந்தச் சட்டப்படி விண்ணப்பம் 15 நாளுக்கு முன்பே எழுத்தில் போக வேண்டும். ஆண்டுக்கு மூன்று தடவைக்கு மேல் பிரித்து எடுக்க முடியாது. நோய்க்கு மட்டும் முன்னறிவிப்பு தேவையில்லை. ஆனால் ஷாப் ஃப்ளோரில் லீவு எழுத்தில் கேட்கப்படுவதில்லை. சூப்பர்வைசரிடம் வாயால் கேட்பார்கள். ‘இப்ப வேணாம்பா, ஆடிட் வருது, அடுத்த மாசம் பாத்துக்கலாம்’ என்பார் அவர். அடுத்த மாதம் ஏற்றுமதி ஆர்டர். அதற்கடுத்த மாதம் ஆள் பற்றாக்குறை. டிசம்பரில் கணக்கு முடிக்கும்போது விண்ணப்பமும் இருக்காது, மறுப்பும் இருக்காது. கேட்காத லீவு லேப்ஸ் ஆகிவிட்டதாகப் பதிவேடு சொல்லும். பதிவேடு பொய் சொல்லவில்லை. அதில் எழுதப்படாத பேச்சுதான் உண்மையில் நடந்தது.

மாதம் முழுக்க ஒரு நாளும் தவறாமல் வந்தால் ‘அட்டெண்டன்ஸ் போனஸ்’ என்று ஒரு தொகை தரும் வழக்கம் பல ஆலைகளில் உண்டு. சில இடங்களில் அனுமதி வாங்கிய இ.எல். எடுத்தாலும் அந்தத் தொகை போய்விடும். சம்பளத்தோடு விடுப்பு என்று சட்டம் ஒரு கையால் கொடுத்ததை, போனஸ் விதி மறு கையால் எடுத்துக்கொள்கிறது.

நிர்வாகங்கள் ஒரு காலத்தில் வேறு விதமாகவும் வாதிட்டன. 79-ஆம் பிரிவில் சொன்னதுதான் விடுப்பின் உச்சம், அதற்கு மேல் தீர்ப்பாயங்கள் தர முடியாது என்று அலெம்பிக் கெமிக்கல் ஒர்க்ஸ் நிறுவனம் உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கே வந்த தீர்ப்பு அதை ஏற்கவில்லை. சட்டம் சொல்வது குறைந்தபட்சம். ஒப்பந்தத்தாலும் தீர்ப்பாலும் அதற்கு மேல் வாங்கலாம். இன்று பெரிய ஆலைகளில் இருக்கும் 20, 25 நாள் விடுப்புக்கும் சி.எல்.லுக்கும் சட்டக் கதவு அங்கேதான் திறந்தது.

அந்தக் கதவுக்கு வெளியே நிற்பவர் ஒப்பந்தத் தொழிலாளி. தொழிற்சாலைகள் சட்டம் ஏஜென்சி வழியாக வந்தவரையும் தொழிலாளி என்றே சொன்னது. ஒரு தொழிற்சாலையில் 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனையாக இருந்தது. எந்தக் கான்ட்ராக்டரின் பெயரில் என்று அது கேட்கவில்லை. நடைமுறையில் கான்ட்ராக்டர் மாறும்போது அடையாள அட்டை மாறும், அட்டை மாறும்போது நாள் கணக்கும் ஒன்றிலிருந்து தொடங்கும். வேலையை விட்டு நிற்கும்போது 240 நாள் ஆகாவிட்டாலும், செய்த வேலைக்கு விகிதப்படி சேர்ந்த விடுப்புக்குப் பணம் தர வேண்டும், அதையும் இரண்டாவது வேலை நாளுக்குள் தர வேண்டும் என்றும் சட்டம் சொன்னது. கடைசிச் சம்பளத்தை வாங்கவே பத்து தடவை அலைபவர் இதைக் கேட்டு வாங்குவது அபூர்வம்.

விடுப்பை எடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் ஒரு விதி இந்தியாவில் உண்டு. அது தொழிலாளர் துறையிலிருந்து வரவில்லை, ரிசர்வ் வங்கியிலிருந்து வந்தது. கருவூலம், பணப்பெட்டகம் போன்ற நுட்பமான பொறுப்பில் இருக்கும் வங்கி ஊழியரை ஆண்டுக்கு ஒருமுறை, முன்னறிவிப்பே இல்லாமல், தொடர்ந்து குறைந்தது 10 வேலை நாள் விடுப்பில் அனுப்ப வேண்டும் என்று 2021 ஜூலையில் அது வங்கிகளுக்கு எழுதியது. அந்த நாள்களில் அவர் பணி தொடர்பான எந்தக் கணினிக்குள்ளும் நுழையக் கூடாது. பொதுவான அலுவலக மின்னஞ்சலுக்கு மட்டும் விலக்கு. நோக்கம் ஓய்வு அல்ல. மோசடி செய்பவர் தன் நாற்காலியை விட்டு நகரமாட்டார். நகர்த்தினால் கணக்கு தானாக வெளியே வரும். ஊழியர் களைப்பாற வேண்டும் என்பதற்காக ஒரு நாள்கூடக் கட்டாயமாக்காத நாடு, பணம் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பத்து நாளைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

ஓய்வையே கட்டாயமாக்கிய நாடுகளும் இருக்கின்றன. லீவு எடுக்கக் கூச்சப்படும் தொழிலாளிக்குப் பேர்போன ஜப்பானில், 10 நாளும் அதற்கு மேலும் விடுப்பு உள்ள ஒவ்வொருவரும் ஆண்டில் குறைந்தது 5 நாளை எடுத்திருப்பதை நிறுவனமே உறுதி செய்ய வேண்டும் என்று 2019 ஏப்ரலில் விதி வந்தது. தவறினால் ஒரு தொழிலாளிக்கு 3 லட்சம் யென் வரை அபராதம். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆண்டுக்கு நான்கு வாரம் அடிப்படை விடுப்பு. வேலையை விடும்போது தவிர அதைப் பணமாக மாற்ற முடியாது. 2018 நவம்பரில் மாக்ஸ் பிளாங்க் கழகம் சம்பந்தப்பட்ட ஒரு ஜெர்மன் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. தொழிலாளி விண்ணப்பிக்கவில்லை என்ற ஒரே காரணத்தால் விடுப்பு கழிந்துவிடாது. எடுக்கச் சொல்லி, எடுக்காவிட்டால் போய்விடும் என்று தெளிவாக எச்சரித்ததை நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும். நம் ஷாப் ஃப்ளோரில் நடக்கும் ‘அடுத்த மாசம் பாத்துக்கலாம்’ அந்த நீதிமன்றத்தில் நின்றிருந்தால் தோற்றிருக்கும்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். இலங்கையின் 1954-ஆம் ஆண்டுக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் ஆண்டுக்கு 14 நாள் விடுப்புத் தருகிறது. அதில் ஏழு நாளாவது தொடர்ச்சியாக இருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவரை 240 போன்ற ஒரு மதிலில் அது முட்ட விடுவதில்லை. ஜனவரி முதல் மார்ச்சுக்குள் சேர்ந்தால் அடுத்த ஆண்டில் 14, ஜூனுக்குள் 10, செப்டம்பருக்குள் 7, அதற்குப் பின் 4 என்று படிப்படியாக இறங்குகிறது. ஒரு நாளில் எல்லாம் போகும் நம் செங்குத்துச் சரிவோடு ஒப்பிட்டால் கொழும்பின் படிக்கட்டு நியாயமானது.

இந்தியாவில் இப்போது புதிய ஏற்பாடு. நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்தது. அவற்றில் 2020-ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்பு, நலம், பணிச்சூழல் தொகுப்பு, 240-ஐ 180 ஆகக் குறைக்கிறது. ஊருக்குப் போய் வரும் புலம்பெயர் தொழிலாளிக்கும், ஆண்டில் சில மாதம் வேலை இல்லாமல் நிற்பவருக்கும் இது நிஜமான லாபம். தொழிற்சங்கங்கள் பல விஷயங்களில் இந்தத் தொகுப்புகளை எதிர்த்தாலும் இந்த ஒரு மாற்றத்தை மறுப்பதற்கில்லை. 30 நாளுக்கு மேல் சேர்ந்த விடுப்பு இனிக் கழிந்துபோகாது, பணமாக வாங்கலாம். ஆண்டு முடிவில் தொழிலாளி கேட்டால் விடுப்பைப் பணமாக்கியும் தர வேண்டும்.

இங்கேதான் யோசிக்க வேண்டியிருக்கிறது. லேப்ஸ் ஆவதைவிடப் பணம் மேல், சந்தேகமில்லை. ஆனால் மாதக் கடைசியில் கையைப் பிசையும் தொழிலாளியிடம் ‘லீவா, காசா’ என்று கேட்டால் பதில் என்னவாக இருக்கும் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாதா? நிர்வாகத்துக்கும் அதுவே வசதி. ஆள் இல்லாமல் லைன் நிற்காது. 1936-இல் ஜெனீவாவில் அடைத்த வாசலை 2020-இல் டெல்லி அகலத் திறந்துவிட்டது. மூன்று வாரக் குறைந்தபட்ச விடுப்பைச் சொல்லும், அதை விலைக்கு வாங்குவதைத் தடுக்கும் 1970-ஆம் ஆண்டின் 132-ஆவது உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்றுறுதி செய்யவில்லை. ஆண்டில் ஒரு வாரமாவது தொழிலாளியை விடுப்பில் அனுப்பியே ஆக வேண்டும் என்று நிறுவனத்தின் மீது கடமை வைக்கும் ஒரு வரி தொகுப்பில் இல்லை. அது இல்லாதவரை பணமாக்கும் உரிமை ஓய்வைக் குறைக்கவே உதவும்.

வீட்டு வேலை செய்பவர், உணவு கொண்டுவரும் இளைஞர் ஆகியோரின் நாள்களை எண்ண இந்தத் தொகுப்பிலும் பதிவேடு இல்லை. ஆலைக்குள் இருப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: லீவை எழுத்தில் கேளுங்கள், தேதி போட்டுக் கேளுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். மறுக்கப்பட்ட விடுப்பு கழியாது என்ற வாக்கியம் புதிய சட்டத்திலும் இருக்கிறது. விகிதம் மட்டும் மாறவில்லை. சுதந்திரத்துக்கு மறு ஆண்டில் எழுதிய சட்டத்தில் 20 நாளுக்கு 1 நாள்; எழுபத்திரண்டு ஆண்டு கழித்து எழுதிய சட்டத்திலும் 20 நாளுக்கு 1 நாள்.